வாசலில் நிற்காத செண்டுடுக்

அன்பு மருமகன் ஷர்வினுக்கு, ஈப்போவிலிருந்து மாமா கார்த்திகேசு எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். உன் அப்பா பத்துமலையின் நலத்துக்குக் குறைவே இல்லை. லூமுட்டில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், இரண்டு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போனாய். மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கா அடிக்கிறாய், கப்பலுக்கா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாமான் குடியிருப்பில் இந்த மண்ணின் பூச்செடிகளுக்குப் போட்டி. யோசனை என்னுடையது. காட்டோரம் தானாக முளைக்கிற செண்டுடுக்கின் ஊதாப் பூவுக்கு என்ன குறை என்று கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். பேசியவன் வாசலே மொட்டையாக இருந்தால், வாத்தியாரே வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாதிரி இல்லையா? முதல் கன்றை நட்ட மறுநாள் உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மச்சான், வாசல்ல களை நின்னுச்சு. புடுங்கிட்டேன்லா." முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் களைமருந்து அடித்த கை என்று பொறுத்தேன். தேனீ வரும், குருவி பழம் தின்னும், சேட்டை செய்கிறான் என்று பையன் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் வெட்டிவிடுவோமா என்றெல்லாம் உதாரணம் சொன்னேன். தலையாட்டினார். இரண்டாவது கன்றும் போயிற்று. மூன்றாவதற்கு வேலி கட்டிப் பெயர்ப்பலகை வைத்தேன். வேலி இருக்கிறது, பலகை இருக்கிறது, நடுவில் குழி. "பேரு எழுதி வச்சா களை பூவாயிருமா மச்சான்? கிராணி பாத்தா என்னையத்தான் ஏசுவாரு!" அந்தத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை செத்து இருபது வருஷமாச்சுப்பா! உன் அத்தையோ, "எங்கண்ணன் எதைச் செஞ்சாலும் சுத்தமா செய்வாரு" என்கிறாள். நாலாவதைத் தொட்டியில் வைத்து, எருப் போட்டு, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். தொட்டியில் இருந்தால் பூவாம், அவர் தொடவில்லை. அது தானாகவே செத்தது. கடைசிக் கன்று இப்போது என் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் வந்து அப்பாவை அழைத்துப் போ.

நீ நூறாண்டு வாழவும், உன் பெயிண்ட் சீக்கிரம் காயவும் வேண்டும்,
மாமா.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கட்டிலடிக் கன்று வெளுத்துப்போனது. நடுவர்கள் என் வாசலைப் பார்த்துவிட்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். மூன்று செண்டுடுக், உடம்பெல்லாம் பூ. யாருடையது என்றார்கள். உன் அப்பா கையைத் தூக்கினார். "வேரு நல்லாருந்துச்சு மச்சான், வீச மனசு வரல. லோங்காங்குக்கு அந்தாண்ட ஊனிட்டேன். இதச் சாவடிக்க முப்பது வருசம் பாடுபட்டவன்லா, இதுக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

முதல் பரிசு அவருக்கு. புத்தம்புதிய மருந்தடிக்கும் பம்பு. தோளில் மாட்டி, என் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இன்றே வா. அப்பா இங்கேயே இருக்கட்டும், பம்பை எடுத்துக்கொண்டு போ.