சகோதரர் விக்டரின் நெஞ்சுத் தழும்பு

ஞாயிறு காலை ஆராதனை தொடங்குமுன்பே கனடாவில் தமிழ்ச் சபை கூடும் மோர்னிங்சைட் மண்டபத்தின் வாகனத் தரிப்பிடம் நிறைந்துவிட்டது. அஜக்ஸிலிருந்து வந்தவர்கள் பக்கத்துப் பீட்சாக் கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஸ்ரௌவ்விலிலிருந்து வந்தவர்கள் புல்லில் ஏற்றி நிறுத்தினார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார். தண்டச் சீட்டு எழுதுகிறவரும் பார்த்துக்கொள்வார்.

வந்திருப்பவர் சாதாரண ஆளா? சகோதரர் விக்டர். சோவியத் உளவுப் படையான கே.ஜி.பி.யில் அதிகாரியாக இருந்து, கிறிஸ்தவர்களை அடித்து நொறுக்கி, பிறகு தானே கிறிஸ்தவராகி, அத்திலாந்திக்கில் கப்பலிலிருந்து குதித்து, நீந்திக் கனடாவில் கரையேறியவர். துண்டுப்பிரசுரம் அப்படித்தான் சொன்னது. அதில் அவருடைய படத்துக்குப் பின்னால் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கடலில் குதித்தவருக்குப் பின்னால் நெருப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

விக்டர் எழுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்ல, பாஸ்ரர் ஜோசுவா அதைத் தமிழில் நான்கு வரியாக்குவார். விக்டர் "குளிர்" என்றால், பாஸ்ரர் பனிக்கட்டி, ஓநாய், இருட்டு எல்லாவற்றையும் இறக்குவார். கதையும் ஊருக்கு ஊர் வளர்ந்தது. அஜக்ஸில் பேசியபோது விக்டர் வெறும் சிறைக்காவலர். ஒரு பெண் விசுவாசியை அடித்தவர். ஸ்ரௌவ்விலில் அதிகாரியாகிவிட்டார், அடிவாங்கியது ஒரு சபை முழுவதும். மோர்னிங்சைட்டில் அவர் ஜெனரலாவதற்கு ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. சோவியத் யூனியனே இல்லாமல் போன பிறகும் அதில் பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருக்கும் ஒரே உத்தியோகத்தர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இலேசில் ஏமாறுகிறவர்கள் அல்லர். பாதிப்பேர் அகதியாக வந்து, விசாரணைச் சபைக்கு முன் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னவர்கள். ஒரு திகதி பிசகினால் அதிகாரியின் புருவம் எவ்வளவு உயரும் என்று அறிந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கேஸில் எது நடந்தது, எது லோயர் சேர்த்தது என்று மணந்தே சொல்லக்கூடியவர்கள். அந்த மூக்கெல்லாம் ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால் அடைத்துக்கொண்டது.

கூட்டத்தின் உச்சம், தழும்பு. விக்டர் கண்ணை மூடிச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றுவார். கழுத்துக்குக் கீழே தொடங்கி நெஞ்சின் நடுவால் இறங்கும் ஒரு நேர்க்கோடு. உன் கடவுள் எங்கே என்று கேட்டு கே.ஜி.பி. தன் நெஞ்சைக் கிழித்துத் தேடியது என்பார். எந்த வைத்தியனும் தன்னைத் தொடவில்லை, ஆண்டவரே தைத்தார் என்பார். சனம் விம்மும். விம்மல் அடங்குமுன் காணிக்கைப் பை வரும்.

இதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் மேடையின் ஓரத்தில் றெஜினா நின்றுகொண்டிருந்தார். அவருடைய கணவர் அன்புராசாவுக்கு இருதயக் குழாய்களில் அடைப்பு. வியாழக்கிழமை பைபாஸ் சத்திரசிகிச்சை. தாமதித்தால் ஆபத்து என்று வைத்தியர் சொல்லியிருந்தார். விக்டர் இவர்களின் வீட்டுக்கு வந்து, ரோல்ஸ் சாப்பிட்டு, கத்தியை நம்புகிறவன் கர்த்தரை நம்பாதவன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சத்திரசிகிச்சை வேண்டாம் என்று றெஜினா இன்றைக்கு மேடையில் சாட்சி சொல்லப் போகிறார்; நாளைக் காலை வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறார். அன்புராசா தலையாட்டிவிட்டார். அவருக்கு விசுவாசத்தைவிடக் கத்திப் பயம் அதிகம். பயத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

மகள் ஸ்டெபனி கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். கடைசியில் நவரட்ணத்துக்குப் போன் எடுத்தாள். அன்புராசாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர் நவரட்ணம். கோயிலுக்கும் போகாதவர், சேர்ச்சுக்கும் போகாதவர். அவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, விக்டரின் நெஞ்சை நன்றாகப் பார்த்தார். றெஜினாவின் கைக்கு மைக் வந்ததும் எழுந்து முன்னால் நடந்தார்.

"நவம் அண்ணை, இது ஜெபக் கூட்டம்" என்றார் றெஜினா.

"தெரியும் பிள்ளை. நான் ஞானஸ்நானம் எடுக்கிறதெண்டுதான் வந்தனான்."

மண்டபம் அதிர்ந்தது. நவரட்ணத்தின் ஆத்துமாவுக்காக இந்தச் சபை பல வருடமாக ஜெபித்துக் களைத்திருந்தது. மேடைக்குப் பின்னால் ஞானஸ்நானத் தொட்டி தயாராக இருக்கிறதென்று பாஸ்ரர் உடனே அறிவித்தார்.

"ஆனால் ஒரு அடையாளம் வேணும்" என்றார் நவரட்ணம். "நான் உவரை இண்டைக்குத்தான் முதன்முதல் காணுறன். உவற்ற காலை நான் கண்டதில்லை. இப்ப சொல்லுறன், ஏதோ ஒரு காலில, உள்பக்கமா, கணுக்காலுக்கு மேல துவங்கி முழங்கால் வரைக்கும் ஒரு நேர்க்கோடு இருக்கும். இல்லையெண்டால் இந்த உடுப்போடயே தொட்டிக்குள்ள இறங்கிறன்."

பாஸ்ரரின் காதில் கடைசி வரி மட்டும் விழுந்தது. விக்டரிடம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாக மொழிபெயர்த்தார்: காலைக் காட்டுங்கள், பிறதர்.

ஊழியக்காரனின் சரீரம் காட்சிப்பொருள் அல்ல என்றார் விக்டர். நெஞ்சைக் காட்டினவருக்குக் காலைக் காட்ட என்ன வெட்கம் என்று முன்வரிசையிலிருந்த பேபி அன்ரி கள்ளமில்லாமல் கேட்டார். ஒரு ஆத்துமா, பிறதர், ஒரு ஆத்துமா என்று இளைஞர்கள் குரல் கொடுத்தார்கள். யாரோ கதிரை கொண்டுவந்து அவரை இருத்தினார்கள். விக்டருக்குத் திடீரென்று நினைவு வந்தது: எல்லையில் நாய்கள் அவரைக் கடித்திருந்தன. அதை மொழிபெயர்க்கப் பாஸ்ரருக்குப் பொறுமை இல்லை. சீடரின் காலைக் கழுவக் குனிகிறவரைப்போல் அவரே முழங்காலில் நின்று விக்டரின் இடது காற்சட்டையைச் சுருட்டினார்.

ஒன்றும் இல்லை. பூனை மயிர் மட்டும்.

அல்லேலூயா கூரையைத் தொட்டது. நவரட்ணத்துக்குத் துவாய் எடுக்க ஒருவர் ஓடினார்.

"மற்றக் கால்" என்றார் நவரட்ணம்.

பாஸ்ரர் உற்சாகமாக வலது காற்சட்டையையும் சுருட்டினார். உள்பக்கமாக, கணுக்காலுக்கு மேலே தொடங்கி முழங்கால் வரை, அடிமட்டம் வைத்துக் கீறியதைப்போல் ஒரு கோடு. துவாய் எடுக்கப் போனவர் பாதி வழியில் நின்றார்.

நவரட்ணம் மேடை விளிம்பில் உட்கார்ந்து தன் காற்சட்டையைச் சுருட்டினார். அதே கோடு. சட்டையைத் திறந்தார். அதே கோடு.

"பைபாஸ். காலில இருந்து ரத்தக்குழாயை எடுத்துத்தான் நெஞ்சில பொருத்துறவை. கே.ஜி.பி. கடவுளைத் தேடினதெண்டால் நெஞ்சுக்குள்ள தேடியிருக்கும். கெண்டைக்காலுக்குள்ள என்னத்தைத் தேடினது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். வரிசைகளில் பல ஆண்களின் கைகள் தாமாகவே காலைத் தடவின. ஐம்பத்தைந்து தாண்டிய நம்மவர்களில் அந்தக் கோடு இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் தங்கள் பைபாஸ் கதையைச் சலிக்காமல் சொல்கிறவர்கள் இவர்கள். அதே தழும்பை ஒரு வெள்ளைத் தோலில் கண்டதும் அழுதிருக்கிறார்கள்.

எங்கே செய்தீர்கள் என்று றெஜினா ஆங்கிலத்தில் கேட்டார். இங்கேதான், ஹமில்ற்றன் வைத்தியசாலையில் என்றார் விக்டர், நிலத்தைப் பார்த்தபடி. ஸ்தோத்திரம் என்றது பின்னாலிருந்து ஒரு குரல், பழக்கதோஷத்தில்.

"நீங்கள் செய்துபோட்டு உயிரோட நிக்கிறியள். என்ர மனுசனை மட்டும் செய்யவேண்டாம் எண்டு என்னத்துக்குச் சொன்னனீங்கள்?"

கோபத்தில் றெஜினாவுக்குத் தமிழ்தான் வந்தது. பாஸ்ரர் அதை மொழிபெயர்க்கவில்லை. ஸ்டெபனி மொழிபெயர்த்தாள். விக்டர் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே, சாட்சிக்கு ஒரு காயம் தேவைப்பட்டது என்றார். றெஜினா மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு, முன்வரிசையில் இருந்த அன்புராசாவின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"கத்தி நோகுமோ, நவம்?" என்று அன்புராசா போகிற வழியில் கேட்டார்.

"நோகும். ரெண்டு மாதம் தும்மவே பயப்பிடுவாய். ஆனால் தும்ம நீ இருப்பாய்."

ஹமில்ற்றனில் விக்டரோடு முன்பு வேலை செய்த ஒருவரை நவரட்ணம் தேடிப் பிடித்து விசாரித்ததில் மிச்சமும் தெரிந்தது. விக்டர் சோவியத் கப்பலில் வந்தது உண்மை. ஆனால் அவர் அதில் சமையற்காரர். மொன்றியல் துறைமுகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி நடந்து போனவர். கடலில் நனைந்ததற்குச் சாட்சி இல்லை. உயிருக்குப் பயந்து ஒரு நாட்டை விட்டு வந்த சமையற்காரனின் கதையில் வெட்கப்பட எதுவும் இல்லை. மண்டபம் நிறையாது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அன்புராசாவின் நெஞ்சைத் திறந்து, ஒழுங்காக மூடினார்கள். றெஜினா வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தார். உள்ளே வைத்தியர் வேலையைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் குழப்பவில்லை. சபையில் சிலர், அந்தக் காலில் கோட்டைக் கீறியது சாத்தான் என்று இன்னும் சொல்கிறார்கள். விக்டர் இப்போது பிரம்ப்டன் பக்கம் பேசுகிறாராம். அங்கே எல்லை நாய்கள் கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றனவாம்.

நெஞ்சைத் திறந்து காட்டுகிறவருக்காக அழுங்கள், தவறில்லை. அழுது முடித்த கையோடு, காலையும் காட்டச் சொல்லுங்கள்.