மையத்து மாஸ்டரும் கோழிக்கடை ஃப்ரீசரும்

கலஹாவில் வேலை செய்த பேக்கரிக்கு முதுகைக் காட்டிவிட்டு, பேராதனைப் பக்கம் நடந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பாண் கருகியதற்கு நான்தான் காரணம் என்றார் முதலாளி. போறணை அடுப்புதான் காரணம் என்றேன் நான். போறணையை வெளியே அனுப்ப முடியாது என்பதால் என்னை அனுப்பிவிட்டார். அன்றைக்கு அந்த வீதியில் நடக்காமல் இருந்திருந்தால், கண்டி மாநகரிலேயே உயிரோடு இருக்கும் எதையும் கையால் தொட மறுத்த ஒரே மனிதரை நான் சந்தித்திருக்க மாட்டேன்.

அவரை எல்லோரும் மையத்து மாஸ்டர் என்பார்கள். மையத்து என்றால் பிணம். பெயர் வைத்தவர்கள் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் வியாபாரிகள். ஆள் யாழ்ப்பாணம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கண்டிப் பக்கமாக, ஒரு தையற்கடையின் மேல்மாடியில் அறை எடுத்து, செத்துப்போன கம்பியூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தார். செத்ததை மட்டும்தான். "மாஸ்டர், கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது" என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் படியிலேயே மறித்துவிடுவார்.

"மெதுவாவெண்டாலும் செய்யுதெல்லே? செத்தாப் பிறகு கொண்டு வாரும்."

ஏன் இப்படி என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "உயிரோட இருக்கிற மெசினைத் திறந்தால் சொந்தக்காரர் பின்னால நிண்டு புத்தி சொல்லுவினம். செத்ததெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவினம். எனக்கு அமைதி வேணும்" என்றார்.

செத்ததைக் கொண்டுபோனாலும் இலேசில் உள்ளே விடமாட்டார். "கடைசியா என்ன சத்தம் போட்டது?" என்று கேட்பார். வாயால் சொன்னால் போதாது, அதே சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வங்கி முகாமையாளர் நடுப்படியில் நின்று "கிர்ர்ர்... டக்... டக்... டக்..." என்று கத்தியதை நானே பார்த்திருக்கிறேன். கீழே தையற்காரர்கள் மெசினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். மாஸ்டர் கண்ணை மூடி யோசித்து, "ரெண்டாவது டக்குக்கும் மூண்டாவது டக்குக்கும் இடையில எவ்வளவு நேரம்? திரும்பச் செய்யும்" என்றார். மனிதர் திரும்பச் செய்தார்.

ஆனால் அன்றைக்கு வீதியில் இறங்கிக்கொண்டிருந்தபோது இந்த மகானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு முன்னால் ஒரு தோட்டத்து அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார். பெயர் பார்வதி.

"பஸ்ஸு வராதுங்களா தம்பி?"

"ரோட்டுல செக்கிங்காம். எல்லாத்தையும் எறக்கிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப நடப்போம். கண்டியில போட்டோ புடிக்கிற கடைக்குப் போகணும். எம்புள்ளய உள்ள வச்சிருக்காங்க."

நடந்துகொண்டே மிச்சத்தையும் சொன்னார். கொழும்பில் எங்கோ குண்டு வெடித்தது. அங்கே ஒரு கடையில் வேலை செய்த அவருடைய மகன் ரவியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அவன் கொழும்பிலேயே இல்லை. லீவு போட்டு வந்து, கம்பளையில் கூட்டாளியின் கல்யாணத்தில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தான். சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணப் படத்தில் அவன் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீல். பொண்ணு வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு படத்திலும் ரவி இல்லை.

"அது எப்புடி தம்பி இல்லாமப் போவும்? கேமராவக் கண்டா அவன் ஈ மாதிரில்ல ஒட்டுவான்?"

எனக்கும் போக இடமில்லை. கூடவே போனேன்.

ஸ்டூடியோ பேராதனை வீதியில் இருந்தது. முதலாளி பொன்னையா மலையகத்து ஆள், பக்திமான். பார்வதியக்கா விசயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"அந்தப் பச்சச் சட்டையா? ஐயோ அக்கா! ஒவ்வொரு படத்துலயும் மூஞ்சிய நீட்டிக்கிட்டு நின்னான். இவன வெட்டித் தூக்குன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு. அவன வெட்டவே எனக்கு ரெண்டு நாளு போச்சு!"

"வெட்டாத படம் எங்க?"

பொன்னையா மூலையைக் காட்டினார். நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே வாடிய செவ்வந்தி மாலையோடு ஒரு கம்பியூட்டர் கிடந்தது. முந்தின நாள் ஆயுத பூசை. கத்தரிக்கோலுக்கும் கேமராவுக்கும் பொட்டு வைத்த மனிதர், கம்பியூட்டருக்கும் குறை வைக்கக்கூடாது என்று மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார். முன்னால் தெளித்தது போதாதென்று பின்னால் காத்தாடி ஓட்டை வழியாகவும் தெளித்திருக்கிறார். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. சூடம் காட்டுவதற்கு முன்னாலேயே மெசின் போய்விட்டது. பக்கத்துக் கம்பியூட்டர் கடைப் பையன்கள் வந்து நாலைந்து தரம் போட்டுப் பார்த்து, "ஃபோர்மட் அடிச்சாச் சரியாகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அடிச்சா படம் இருக்குமா?"

"மெசினு இருக்கும்."

பார்வதியக்கா மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, "தூக்குங்க தம்பி" என்றார். தூக்கினேன். செத்ததைப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று பொன்னையாவும் கடையைப் பூட்டிவிட்டு வழி காட்ட வந்தார். அப்படித்தான் மூன்று பேரும் மையத்து மாஸ்டரின் படியில் போய் நின்றோம்.

மெலிந்த மனிதர். காதில் திருகாணி கழற்றுகிற திருப்புளி ஒன்று செருகியிருந்தது.

"செத்திட்டுதோ?"

"செத்திருச்சு சார்."

"கடைசியா என்ன சத்தம்?"

பொன்னையா சபையறிந்த மனிதர். "ஸ்ஸ்ஸ்... பட்" என்று சுத்தமாகச் செய்து காட்டினார். மாஸ்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இதென்ன, சமைச்சனீரோ?"

பூசை விசயத்தைச் சொன்னதும் மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி தெளிச்சுக் கொன்றிருக்கிறீர். நல்ல காலம், அபிசேகம் செய்யேல்ல." பிறகு பார்வதியக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அழாதேங்கோ அம்மா. செத்தது பெட்டிதான். படமெல்லாம் உள்ளுக்குக் கிடக்கிற டிஸ்க்கில இருக்கு. அதைக் கழட்டி வேற மெசினில பூட்டினால் தன்ர பாட்டில வாசிக்கும். பெட்டி செத்தது டிஸ்க்குக்குத் தெரியாது."

கையகலத் தகரப்பெட்டி மாதிரி இருந்த அந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் மெசினில் பூட்டினார். திருப்புளியின் நுனியை அதில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். எங்களுக்கே கேட்டது. டக். டக். டக்.

"தெரிஞ்சிட்டுது" என்றார் மாஸ்டர். "பெடியள் சும்மா சும்மா கரண்டைக் குடுத்து இதையும் குழப்பிப் போட்டாங்கள். இனி ஒரு வழிதான் இருக்கு. குளிர வைக்கவேணும். விறைச்சால் கொஞ்ச நேரம் ஓடும். சூடேறினால் சரி, பிறகு ஒருத்தராலயும் ஏலாது."

மாஸ்டரிடம் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம், கட்டுகஸ்தோட்டையில் இருந்த ஒரு முஸ்லிம் நானாவின் கோழிக்கடைதான் அவருடைய ஆஸ்பத்திரி. டிஸ்க்கை வயரோடு பொலித்தீனில் பல சுற்றுச் சுற்றி, ஃப்ரீசரில் கோழிகளுக்கு நடுவே படுக்க வைத்துவிட்டு நாங்கள் வாசலில் காத்திருந்தோம்.

மத்தியானத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து நானா கத்தினார்.

"மாஸ்டர்! ஒங்கட சாமான ஒரு பொம்புள ஈரல்னு நெனச்சி நிறுக்கச் செல்றா! கெதியா வந்து எடுங்க! இனி ஏண்ட கடைக்கி மையத்துக் கொண்டு வரவும் வாணாம்!"

"ஈரலுக்கு வயர் இருக்குமே நானா?"

"ஒங்கட மூளைக்கும் ஈக்கிதுதானே!"

குளிர் போகாத ரெஜிபோம் பெட்டியொன்றில் ஐஸ் நிரப்பி, நடுவில் டிஸ்க்கை வைத்து, மறைப்புக்கு மேலே ஒரு கோழியையும் வைத்துக் கொடுத்தார் நானா. பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். வழியெல்லாம் "ஓடாதேயும், குலுங்கும். ஆறுதலாப் போகாதேயும், உருகும்" என்று மாஸ்டர் இரண்டு விதமாகவும் திட்டிக்கொண்டு வந்தார்.

பாலத்தில் சோதனைச்சாவடி. இளம் ஆமிக்காரன் ஒருவன் மூடியைத் திறந்தான். கோழியைத் தூக்கினான். அடியில் புகை மாதிரிக் குளிர் கிளம்ப, பொலித்தீன் சுற்றிய இரும்புத்துண்டு, அதிலிருந்து ஒரு வயர். கோழியைப் போட்டுவிட்டுத் துவக்கை நிமிர்த்தினான். பாலத்தில் நின்ற சனம் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. என்னிடம் அடையாள அட்டை இருந்தது, ஆனால் எங்கே வேலை என்று கேட்டால் சொல்வதற்கு அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றுமில்லை. அந்த நாட்களில் ஒருவனை உள்ளே போட அது ஒன்றே போதும்.

மாஸ்டருக்குத் துவக்கு கண்ணில் படவே இல்லை.

"மூடியைச் சாத்தும்!" என்று கத்தினார். "சூடேறுது! அட, முதல்ல மூடியைச் சாத்தும் தம்பி! பிறகு சுடும்!"

நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது. சத்தம் மட்டும் விளங்கியது. அவன் விரல் விசையில் போனது. பார்வதியக்கா செருப்பைக் கீழே போட்டுவிட்டு இடையில் புகுந்தார். தோட்டத்து ஆளுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும்.

"மே மனுஸ்ஸயாட்ட பிஸ்ஸு, மாத்தயா!"

இந்த மனிதனுக்குப் பைத்தியம், ஐயா. அதோடு நிறுத்தவில்லை. பழுதான ரேடியோச் சாமானை ஐஸில் வைத்தால் பாடும் என்று அலைகிறார், அண்ணன் முறை, என்ன செய்வது என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆமிக்காரன் மாஸ்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ஒரு திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டு, குனிந்து, பெட்டியின் மூடியைத் தானே சாத்தி அதன்மேல் இரண்டு கையையும் வைத்து நின்ற ஆளைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டான்.

மாஸ்டர் பெட்டியைப் பறித்துக்கொண்டு படியேறினார். மேலே போனதும், "ரேடியோவாம்" என்றார். பைத்தியம் என்றதைவிட ரேடியோதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

டிஸ்க்கைப் பூட்டி, அதன்மேல் ஐஸ் பையை வைத்துக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு மெசினைப் போட்டார். டக் இல்லை. மெல்லிய இரைச்சல். ஓடியது. கம்பளைக் கல்யாணம் இருந்த இடத்தைப் பொன்னையா காட்டினார். எல்லாம் வெட்டின படங்கள். மாப்பிள்ளை இருந்தார், பொண்ணு இருந்தது, பச்சைச் சட்டை இல்லை.

"வெட்டாததை அழிச்சனீரோ?" மாஸ்டரின் குரல் பயங்கரமாக இருந்தது.

"குப்பத் தொட்டியிலதான் போட்டேன் சார்."

"தொட்டியைக் கொட்டினீரோ?"

பொன்னையா தலையைச் சொறிந்தார். "எங்க சார், கடயக் கூட்டுறதே மாசத்துக்கு ஒருக்காதான்."

"நல்ல காலம்" என்றார் மாஸ்டர். "நீர் சோம்பேறி."

படங்கள் ஒவ்வொன்றாக மாஸ்டரின் மெசினுக்குள் வந்து இறங்கத் தொடங்கின. ரவி தாலி கட்டும்போது ஐயருக்குப் பின்னால் நின்றான். மாப்பிள்ளையின் அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றான். ஒரு படத்தில் அவனுடைய சாம்பார் வாளி மட்டும் நின்றது. பின்னால் சுவரில் மணமக்கள் பெயரும் திகதியும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். வக்கீலுக்கு வேண்டியது அந்தத் திகதிதான். அவனோ ஒவ்வொரு படத்திலும் சரியாகத் திகதியை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"தள்ளி நில்லுடா மூதேவி!" என்று பார்வதியக்கா திரையைப் பார்த்துக் கத்தினார். "ஒரு தடவயாச்சும் தள்ளி நில்லுடா!"

டக்.

மாஸ்டர் ஐஸ் பையை இன்னும் அமத்தினார். உருகிய தண்ணீர் அவருடைய இடுப்புச் சாரத்தில் ஒழுகியது. இன்னும் ஒரு படம். டக். இன்னும் ஒன்று. அதில் ரவி விழுந்த லட்டு ஒன்றை எடுக்கக் குனிந்திருந்தான். குனிந்தவன் கேமராவை விட மனமில்லாமல் முகத்தை மட்டும் நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே திகதி, பெரிய எழுத்தில், ஒன்றும் மறையாமல். அது வந்து சேர்ந்ததும் டிஸ்க் மூன்று தரம் அடித்துவிட்டு நின்றது. பிறகு அது அசையவே இல்லை.

பார்வதியக்கா எழுந்துபோய்த் திரையில் மகனுடைய கன்னத்தைக் கையால் தடவினார். தன் மேசைத் தூசியைக்கூட மற்றவர் தொடவிடாத மாஸ்டர், அப்போது சாரத்தைப் பிழிவதில் மும்முரமாக இருந்தார்.

அந்த லட்டுப் படத்தை வைத்துத்தான் வக்கீல் வாதாடினார். கொஞ்சக் காலம் இழுத்தாலும் ரவி வெளியே வந்தான். ஆனால் அது பிற்பாடு.

அன்றைக்கு அக்காவும் பொன்னையாவும் படி இறங்கிய பிறகு நானும் பையை எடுத்தேன்.

"எங்க போறீர்?" என்றார் மாஸ்டர்.

"தெரியாது. கம்பளையில ஏதாவது கெடைக்கும்."

"வழியில பிடிச்சால் எங்க வேலை எண்டு சொல்லுவீர்?"

பையைக் கீழே வைத்தேன். அவர் என்னை, படியில் கொண்டுவந்து வைத்த மெசினைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"எனக்கு உயிரோட இருக்கிறது சரிவராது" என்றார். "நீர் பாதிதானே. பரவாயில்ல. காலமை வாரும்."

மறுநாள் காலையில் போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஐஸ் பெட்டி தூக்குவதுதான் வேலை. தூக்குவதற்கு முன் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கீழே தையற்காரர்களுக்குக் கேட்காதபடி தன் சொந்தப் பெயரைச் சொன்னார். "ஆரிட்ட வேலை எண்டு ஆமிக்காரன் கேட்டால் மட்டும் இந்தப் பேரைச் சொல்லும். வேற ஒரு இடத்திலயும் வேண்டாம்."

பாலத்தில் பல தடவை சொல்லித் தப்பியிருக்கிறேன். வேறெங்கும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.