பொட்டி பாயின் டிஸ்டம்பர் கவர்மென்ட்

ஆட்சிக் கவிழ்ப்பைத் துப்பாக்கி முனையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், டிவியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் டப்பாவுக்குள் பார்த்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் பொட்டி பாய்தான். சந்தேகம் உள்ளவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பழைய பட்டறைக்குப் போய் விசாரிக்கலாம். பதில் சொல்ல அங்கே இப்போது ஒரு பூட்டும் ரெண்டு நாயும்தான் இருக்கின்றன.

அது இரும்பு வார்க்கிற பட்டறை. நான் அங்கே ஏற்றுமதி கிளார்க். ஆப்பிரிக்காவில் ஒரு தாமிரச் சுரங்கம். அதுதான் எங்கள் பெரிய வாடிக்கை. வெட்டியெடுத்த கல்லைப் பொடியாக்க அங்கே ஒரு ராட்சத உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டு கிரைண்டருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறம் வீணாகாமல் இருக்க வளைந்த இரும்புத் தகடுகளை மாட்டுவார்கள். கல் உருண்டு உருண்டு தகடு தேயும், தேய்ந்ததும் எங்களுக்கு ஆர்டர் வரும். எங்கோ கண்காணாத ஊரில் இரும்பு தேய்ந்தால்தான் இங்கே நாற்பது வீட்டில் உலை கொதித்தது.

அந்தத் தகடுகளுக்கு மரப்பெட்டி அடிப்பவர் பாய். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். உயரம் குறைவு, குரல் அதிகம். காதில் பென்சில், வாயில் ஒரு கொத்து ஆணி. ஆணியைத் துப்பாமலே பேசுவார், திட்டுவார், சிரிக்கக்கூடச் செய்வார். அவரிடம் திட்டு வாங்கப் போகிறவர்கள் முன்ஜாக்கிரதையாக ரெண்டடி தள்ளியே நிற்பார்கள்.

பெட்டியில் அம்புக்குறி போடுவதில் அவருக்கு ஒரு வெறி உண்டு. 'இந்தப் பக்கம் மேலே இருக்கணும்' என்று காட்டுகிற அம்புக்குறி. நாலு பக்கமும் போடுவார். லோடுமேன் ஒருமுறை பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டான் என்று சுத்தியலோடு லாரி மேலே ஏறிவிட்டார். நான்தான் காலைப் பிடித்து இழுத்தேன்.

"பாய், உள்ள கீறது கெட்டி இரும்பு. அதுக்கு ஏது மேல கீழ?"

"இரும்புக்கு இல்ல நைனா. மருவாதிக்கு! அந்த ஊர்ல எறக்கறவன் பார்ப்பான்ல, பூந்தமல்லிக்காரன் பொட்டிய ஒழுங்கா அடிச்சிக்கிறான்னு?"

இதே மரியாதையைத் தன் டிபன் கேரியருக்கும் கொடுத்திருந்தார். அதிலும் சிவப்பு பெயின்டில் அம்புக்குறி. அதை வைத்துத்தான் கேன்டீனில் எது அவருடையது என்று கண்டுபிடிப்போம்.

அந்த நாட்டு அரசியலுக்குள் பாய் நுழைந்தது கொள்கையால் அல்ல, எழுத்தால். பெட்டி மேல் வாங்குபவர் பெயரைத் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து அவர்தான் எழுதுவார். சுரங்கம் வெளிநாட்டுக் கம்பெனி கையில் இருந்தவரை பெயர் ஏழே எழுத்து. திடீரென்று ராணுவம் ஆட்சிக்கு வந்தது, சுரங்கத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது, பெயர் மூன்று வரிக்கு நீண்டுவிட்டது. பாய் அச்சு வெட்டி வெட்டி விரல் வீங்கி, அன்றிலிருந்து தனியார்மயத்துக்குக் கட்சி மாறினார். பழைய அதிபர் கறுப்புக் கண்ணாடி போடுவார், அதனால் அவர் 'கூலிங் கிளாஸ்'. புதிதாக வந்த ராணுவக்காரர் 'தொப்பி'. ரெண்டு பேரையும் தன் வார்டு கவுன்சிலர் மாதிரியே பேசுவார்.

ஒருநாள் எஸ்டேட் டீக்கடைக்குள் அலறிக்கொண்டே வந்தார்.

"தொப்பி கவுந்துட்டான் மாமே! ஆட்சி பூட்ச்சு! ரோட்டுல டாங்கி நிக்குதாம்!"

டீ மாஸ்டர் கேள்வி கேட்கவில்லை. பாய்லரை அணைத்து ஷட்டரை இழுத்துவிட்டார். அதைப் பார்த்துப் பக்கத்து ஜெராக்ஸ் கடை, அதைப் பார்த்து பிரியாணிக் கடை. பட்டாபிராம் போகிற பஸ் கண்டக்டர் இறங்கிவந்து, "வண்டி போவுமா, இங்கியே நிறுத்திக்கவா அண்ணாத்தே?" என்று பாயிடமே கேட்டார். கவிழ்ந்தது கடல் தாண்டி என்று புரிவதற்குள் பாதி எஸ்டேட் மூடிவிட்டது. கடைசியில் தொப்பியும் கவிழவில்லை. வாட்ஸப்பில் வந்த வதந்தி. கொஞ்ச நாளைக்கு பாய்க்கு எந்தக் கடையிலும் டீ கிடைக்கவில்லை.

சிரித்தது அதோடு சரி. ராணுவம் வந்தபோது எங்கள் பட்டறையில் ஒரு முழு உருளைக்கான தகடு தயாராகி, பெட்டிக்குள் போய், கம்பெனி பெயரெழுதி, கன்டெய்னருக்காகக் காத்திருந்தது. அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். அது போய்ச் சேர்ந்தால்தான் பட்டறை பேங்க் கடனிலிருந்து தலை தூக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்று முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். அந்த உருளைக்கென்றே அளவெடுத்து வார்த்த தகடு. வேறு எந்தச் சுரங்கத்திலும் பொருந்தாது. புது அரசாங்கத்திடமிருந்து, பெயரை மாற்றி அனுப்புங்கள் என்று முதலில் மெயில் வந்தது. மாற்றினோம். அப்புறம், 'பழைய ஒப்பந்தங்கள் பரிசீலனையில் உள்ளன, பொறுத்திருக்கவும்' என்று வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. தேர்தல் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். வரியை ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். சுரங்கம் யாருடையது என்று தெரியாததால் ஒருத்தனும் அதில் சல்லிக்காசு போடத் தயாராக இல்லை.

"இதுல இன்னா ஆச்சரியம்?" என்றார் பாய். "எப்ப காலி பண்ணச் சொல்லுவானோன்னு பயந்துகினு கீறவன் வாடகை ஊட்டுக்கு வெள்ளை அடிப்பானா?"

"அப்போ தொப்பி பண்ணது தப்புன்றியா பாய்?"

"அவன் மண்ணு, அவன் கேக்கறான். நாம இன்னா சொல்றது? ஆனா எனக்குன்னு சொல்லு, இல்ல உனக்குன்னு சொல்லு. ரெண்டும் சொல்லாம கம்முனு குந்திகினா, நடுவுல நாம சாவறோமா இல்லியா?"

பட்டறையில் முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் பாதிச் சம்பளம். உலை வாரத்தில் ரெண்டு நாள்தான் எரிந்தது. வார்ப்பு வேலையில் கைதேர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருத்தர் சாப்பாட்டுப் பை மாட்டிக்கொண்டு பைக்கில் அலைந்தார். இன்னொருத்தர் மேனாம்பேட்டில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே சித்தாள் வேலைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பார்க்காத மாதிரி போனேன்.

பாய் மட்டும் தினமும் வந்து பெட்டிகளைச் சுற்றி நடந்தார், தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அந்த மழைக்காலத்தில்தான் அவருடைய குட்டு வெளிப்பட்டது. காற்றில் தார்ப்பாய் பறந்து, ராத்திரி முழுக்கப் பெட்டிகள் நனைந்தன. காலையில் பார்த்தால் மூன்று வரிப் பெயரைக் காணோம்! வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனியின் ஏழெழுத்து பளிச்சென்று எட்டிப் பார்த்தது. ஒரே மழையில் எங்கள் யார்டில் ஆட்சி மாறிவிட்டது.

முதலாளி பாயைக் கூப்பிட்டார். "என்னய்யா இது?"

"பழைய பேரு ஆயில் பெயின்ட் மொதலாளி. மேல அடிச்சது டிஸ்டம்பர், தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

"இதுக்கும் ஆயில் பெயின்ட் அடிக்க வேண்டியதுதானே?"

"இவன் எத்தினி நாளு நிப்பான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, ஆயில் அடிக்கிறேன்."

முதலாளி அன்றைக்குச் சிரித்தார் என்பதே எனக்கு ஞாபகம். அதற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பாய் மறுபடியும் டிஸ்டம்பர் கரைத்து அரசாங்கத்தை நிலைநாட்டினார்.

கடைசியில் தகடுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எடைக்கு வாங்குகிற வியாபாரி ஆளும் கடப்பாரையுமாக வந்தார். பெட்டியைப் பிரிக்கச் சொன்னதும் பாய் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் அடிச்ச ஆணிய நான் புடுங்க மாட்டேன். நீ வேணா புடுங்கிப் பாரு. கியாமத் நாள்லதான், ஒலகம் அழியற அன்னிக்குத்தான் அது தொறக்கும்."

அவ்வளவு நெருக்கமாக ஆணி அடித்திருந்தார் மனிதர். கடப்பாரை வளைந்தது, ஒருத்தன் கட்டைவிரல் நசுங்கியது, பெட்டி அசையவில்லை. வியாபாரி அந்தக் கோபத்தில் விலையை இன்னும் குறைத்தார். முதலாளிக்கு ரோஷம் வந்து, "போய்யா வெளியே" என்றார். அடுத்த மாதமே பட்டறையை மூடினோம். பேங்க்காரர்கள் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே பெட்டிகள், வெளியே நாங்கள்.

பாய் நெமிலிச்சேரி பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி ஆனார். யூனிஃபார்ம் சட்டை முழங்காலைத் தொட்டது. பார்க்கப் போனேன். வாயில் ஆணி இல்லாமல் அவரைப் பார்ப்பதே எனக்கு ஒருமாதிரி இருந்தது. தண்ணீர் கேன் கொண்டுவந்த ஆளிடம், "நிமித்தி வைப்பா" என்று கத்திக்கொண்டிருந்தார். இருமல் நடுநடுவே வந்து பேச்சை நிறுத்தியது. பட்டறைத் தூசியும் மரத்தூளும் நுரையீரலில் கெட்டியாக உட்கார்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். கிளம்பும்போது கேட்டார்: "தொப்பி இன்னா ஆனான் நைனா?"

தொப்பி கொஞ்ச காலம் கழித்து நிஜமாகவே கவிழ்ந்தார். புது அரசாங்கம் அதே வெளிநாட்டுக் கம்பெனியோடு சமாதானம் பேசி, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று கையெழுத்துப் போட்டது. சுரங்கத்தைத் திறக்க உருளைக்குத் தகடு வேண்டும், உடனே வேண்டும் என்று முதலாளிக்கு மெயில் வந்தது. பேங்க் சம்மதித்தது, வருகிற பணம் முழுக்கக் கடனுக்கே போகும் என்ற நிபந்தனையோடுதான். பட்டறை திறக்காது, யாருக்கும் வேலை திரும்பாது. பழைய கிளார்க் என்று என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

யார்டில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. பாய் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் பெட்டி ஒன்றுகூட நனையவில்லை, வாய் பிளக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு துடைத்தேன். மூன்று வரி கரைந்து ஓடியது, ஏழெழுத்து வந்து நின்றது. ஒரு எழுத்துகூட மங்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டி ஏற்ற வந்த கிரேன்காரர் பார்க்கிறாரே என்று முகத்தையும் அதே துணியால் துடைத்துக்கொண்டேன்.

கன்டெய்னர் கிளம்பும்போது பாய்க்கு போன் போட்டேன். வேலையையும் விட்டுவிட்டு அவர் படுத்த படுக்கையாகி இருந்தார். அவர் மகள்தான் எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"பாய், பொட்டி கெளம்பிட்ச்சு."

இருமலுக்கு நடுவே கேட்டார்.

"பேரு?"

"பழைய பேருதான் பாய். தொடச்சேன், வந்துட்ச்சு."

"அம்புக்குறி மேல பார்த்துகினு போவுதா நைனா?"

கன்டெய்னர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டி இடம் போதாமல் படுத்துக் கிடந்தது. அதன் அம்புக்குறி பூந்தமல்லிப் பக்கம் பார்த்தது.

"எல்லாம் மேலதான் பாய் பார்க்குது."

"அதான" என்றார்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். என்றைக்காவது எங்காவது என்னைப் பிடித்து அந்தப் பொய்க்காகக் கேட்பார், வாய் நிறைய ஆணியோடு. நன்றாகத் திட்டட்டும், இந்தத் தடவை ரெண்டடி தள்ளி நிற்க மாட்டேன்.