மாதிரி வயல்

மழை பெய்தால் அரசரின் புகழ், பெய்யாவிட்டால் குடிகளின் பாவம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த நாடு ஒன்று இருந்தது. பெயர் பொன்விளைநாடு. அங்கே உருப்படியாக இருந்தது அதன் வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அதில் புள்ளியியல் துறையைக் கவனித்து வந்தவள் இளவெயினி.

நாடு முழுக்க விளைந்ததை அளக்க யாரால் முடியும்? அவள் சீட்டுக் குலுக்கிச் சில வயல்களை எடுப்பாள். அவற்றின் விளைச்சலை அளந்தால் நாட்டின் விளைச்சல் தெரிந்துவிடும். வரியும் அதன்படியே. அந்த வயல்களுக்கு மாதிரி வயல் என்று பெயர். பெரியவர், சிறியவர் பார்க்காத அந்தச் சீட்டில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. இருக்கத்தானே செய்யும்!

வினை அந்தப் பெயரில் வந்தது. ஒரு வறட்சி ஆண்டில் அமைச்சர் பெருங்கீர்த்தியார் சுற்றுப்பயணம் போனபோது, வெடித்துக் கிடந்த மாதிரி வயல் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

“இதுவா மாதிரி? அரசுக்கே இழுக்கு!”

“ஐயா, இது முன்மாதிரி இல்லீங்க. கடையில அரிசி வாங்குறப்போ ஒரு பிடி அள்ளிப் பாக்குறோமே, அந்தப் பிடிங்க” என்றாள் இளவெயினி.

“அந்தப் பிடி பொறுக்கியெடுத்த அரிசியாக இருக்கட்டும்” என்றார் அமைச்சர்.

மறுநாளே அரச முத்திரையோடு ஆணை வந்தது. மாதிரி வயல்களுக்குத்தான் முதல் தண்ணீர். போதாவிட்டால் அரண்மனை ஏரியே திறக்கப்படும். வாய்க்கால்கள் திருப்பப்பட்டன. மாதிரி வயல்களில் கதிர் கனத்துச் சாய்ந்தது, சுற்றியிருந்தவை கருகின. வரி மட்டும் எல்லோருக்கும் சாய்ந்த கதிரின் கணக்கில் விழுந்தது. முணுமுணுத்தவர்களுக்காக இன்னோர் ஆணை வந்தது: சராசரிக்குக் குறைவாக விளைந்ததென்று சொல்பவன் மீதியைப் பதுக்கியவன்.

காளத்தி என்ற விவசாயி நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

“ஏம்மா, உங்க கணக்குல என் வயலு அமோகமா விளைஞ்சிருக்குதாம். அப்புறம் எதுக்கு என் புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க? விதைநெல்லையும் வரிக்குன்னு அள்ளிட்டுப் போயிட்டாங்க. அடுத்த போகத்துக்கு எதை விதைக்கிறது?”

இளவெயினி எழுந்து நேராகத் துணைவேந்தர் அறைக்கு நடந்தாள். தன் துறையின் பெயரைச் சொல்லி ஒரு நாட்டையே கொள்ளையடிக்கிறார்களே! துணைவேந்தரைப் பிடித்து உலுக்கி, பல்கலைக்கழக விதைக் கிடங்கைத் திறக்கவைத்தாள். அங்கேயே உருவாக்கிய, வறட்சி தாங்கும் நெல் ஊர் ஊராகப் போனது. பொறியியல் துறையினர் மண்வெட்டியோடு இறங்கித் தூர்ந்த வாய்க்கால்களைச் சரிசெய்தார்கள். தண்ணீர்தான் பாக்கி.

விதைப்புக் காலம் வந்தது. அரசவையில் அமைச்சர் கேட்டார்: “இவ்வாண்டின் மாதிரி வயல்கள் எவை?”

“எல்லாமுங்க” என்றாள் இளவெயினி.

“எல்லாமும் எப்படி மாதிரியாகும்?”

“எத்தனை எடுக்கிறதுன்னு பல்கலைக்கழகம்தாங்க முடிவு பண்ணும். ஆணையில எண்ணிக்கை எதுவும் இல்லீங்களே.”

அமைச்சர் ஆணையை வரவழைத்துப் படித்துப் பார்த்தார். ஆணையைத் திரும்பப் பெற்றால் அரசர் தவறியதாக ஆகும். அந்நாட்டில் அரசர் தவறுவது சட்டவிரோதம். வேறு வழியில்லாமல் ஏரி திறந்தது. அரசரின் உல்லாசப் படகு சேற்றில் உட்கார்ந்தது, காளத்தியின் வயலில் தண்ணீர் பாய்ந்தது.

அமோகம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லா வீட்டிலும் உலை கொதித்தது. குடிகள் வயிறாரச் சாப்பிட்டார்கள், அடுத்த விதைப்புக்கும் எடுத்து வைத்தார்கள்.

அறுவடையைப் பார்க்க அயல்நாட்டுத் தூதர் ஒருவர் வந்தார். வண்டியில் ஏறியதும், “உங்க மாதிரி வயலை மட்டும் காட்டுங்க, போதும்” என்றார்.

“நீங்க எங்க வேணும்னாலும் வண்டியை நிறுத்தி இறங்குங்க” என்றாள் இளவெயினி.

தூதர் ஐந்தாறு இடங்களில் இறங்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அம்மா, எங்க நாட்டுக்கு ஒரு தடவை வர முடியுமா? அங்க எங்களுக்கே எப்பவும் அந்த ஒரு மாதிரி வயலைத்தான் காட்டுறாங்க.”

அவர் எந்த நாட்டுக்காரர் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.