சாவடி வெளிச்சத்தில் வாத்தியக் குழு

என் வீட்டிலிருந்து யாரும் நீலத் தலைமுடியோடு இரவில் தெருவில் இறங்கக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை இப்படித் தீர்மானித்தேன். நான் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். மனைவி கனகேஸ்வரிக்குத்தான் இது இன்னும் தெரியாது.

மகள் நிரோஜாவுக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். அதில் கிற்றார் வாசிக்கிற ஒருத்தியாம். நீல முடி, நீளமான கறுப்புக் கோட். அவளைப் போல வேஷம் போட்டு, இருட்டில், வெளியில் நின்று படம் எடுத்து ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம்.

"வெளியிலயோ? வெள்ளவத்தையிலயோ? சண்டை நடக்கிற இந்த நாளையிலயோ?" என்றேன். "கிற்றார் பெட்டியைக் கண்டால் ஆமிக்காரன் பாட்டுக் கேட்பான் எண்டு நினைக்கிறீரோ?"

"ஆமிச் சார்ஜனிட்டைக் கேட்டாச்சு," என்றாள் கனகேஸ். "சந்திச் சோதனைச் சாவடியின்ரை பெரிய லைற்றுக்குக் கீழ நிண்டே எடுக்கட்டாம். எல்லாரும் ஐடென்ரிகாட் கொண்டு வரவேணுமாம்."

"போட்டிப் படத்தில ரெண்டு பேரெல்லோ நிக்கவேணும்? ட்ரம் அடிக்கிறது ஆர்?"

"அவளின்ரை சிநேகிதி, கொட்டாஞ்சேனை மாக்ரெட். மாக்ரெட்டின்ரை தேப்பன் விடமாட்டன் எண்டிட்டார்."

"நல்ல தேப்பன்!"

"பார்ப்பம்," என்றவள், தையல் நாடாவை எடுத்து என் தலையைச் சுற்றி அளந்தாள். "அசையாதேங்கோ. நுவரெலியாவுக்குப் போகேக்க குளிருக்கு உங்களுக்கொரு தொப்பி பின்னப்போறன்."

கல்யாணமான நாளிலிருந்து என் தலையை அவள் மதித்தது அதுதான் முதல் தடவை. நெகிழ்ந்துபோனேன். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

அடையாள அட்டை இல்லாமல் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழன் பாண் வாங்கக்கூடப் போக முடியாது. என் திட்டம் அதில்தான் நின்றது.

மறுநாள் கனகேஸ் குளிக்கப் போனதும் அவளுடைய கைப்பையைத் திறந்தேன். 'நிரோஜா' என்று எழுதிய காக்கி உறை. தடவினேன். உள்ளே அட்டை. பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் களவு. உறையோடு எடுத்தால் பாதுகாப்பு. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பேப்பர் படிக்க உட்கார்ந்தேன்.

இருட்டியது. நீல முடியோடு நிரோஜா வந்தாள். பக்கத்து வீட்டு றேமண்ட் கமெராவோடு வாசலில் நின்றார்.

"போட்டு வாறம் அப்பா."

"ஐடென்ரிகாட்?" என்றேன், பேப்பருக்குள்ளிருந்து.

"எல்லாம் இருக்குது," என்று கனகேஸும் அவர்களோடு இறங்கினாள்.

உள்ளுக்குள் சிரித்தேன். சாவடியிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். இப்போது வருவார்கள்.

வரவில்லை.

யன்னலுக்குப் போனேன். வாசலுக்கு வந்தேன். மறுபடியும் யன்னல். ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு போனது. அட்டையில்லாத பிள்ளை. கிற்றார் பெட்டி. நீல முடி. ஐயோ, பிடித்து ஏற்றிவிட்டார்கள்! பிடித்துக் கொடுத்தவன் நான்!

உறையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் கனகேஸின் செருப்பு.

சாவடியில் சார்ஜன் மறித்தார். "சேர், டோட்டர் ஐடென்ரிகாட்! டோட்டர் இன்னசன்ற்!" என்று மகளுக்காக என் அரைகுறை இங்கிலீஷில் கத்தி உறையை நீட்டினேன்.

அவர் உறையைப் பிரித்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"டோட்டருக்கு மீசையா?"

அட்டையில் நான் இருந்தேன்.

அவருக்குப் பின்னால், பெரிய வெளிச்சத்தில், மண்மூட்டையில் ஒரு காலை வைத்து நிரோஜா கிற்றாரோடு நின்றாள். றேமண்ட் கமெராவுக்குள் கண்ணை வைத்திருந்தார். கனகேஸ் ஆற அமர நடந்து வந்தாள்.

"சேர், இவரும் எங்கட ஆள்தான். ட்ரம் அடிக்கிறவர்."

"கனகேஸ், என்ரை அட்டை எப்பிடி அந்த உறைக்குள்ள..."

"நான்தான் வைச்சனான். பிள்ளையின்ரை அட்டையை ஒளிப்பியள் எண்டும் தெரியும், பிறகு பயந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவியள் எண்டும் தெரியும். அந்த அவசரத்தில உங்கட அட்டையை மறந்துபோட்டு வந்தால் ஆர் உங்களை மீட்கிறது?"

நான் வாய் திறக்குமுன், தன் பையிலிருந்து இளஞ்சிவப்புப் பொய்முடி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டினாள்.

இறுக்கமுமில்லை, தளர்வுமில்லை. நுவரெலியாத் தொப்பி மிகச் சரியான அளவு.