விளாம்பழ பியரும் அன்னம்மாளுக்கு வைத்த நேர்த்தியும்

கல்பிட்டி,
14.07.2023

அன்பும் பக்தியும் பொருந்திய தம்பிச் சுவாமி அவர்களுக்கு,

சின்ன வயதில் உங்களை "டேய் அமல்ராஜ்" என்று கூப்பிட்ட அதே வாயால் இப்போது தோத்திரம் சொல்லி, அண்ணன் அல்பேட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அண்ணி அனஸ்தாசியாவும் சுகம். உங்கள் பங்குச் சனங்களும் உங்கள் பிறஷரும் அடங்கி இருக்கும் என்று நம்புகிறேன்.

சுவாமி, நான் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால் இங்கத்தைய பாதருக்கு என் குரல் தெரியும், அதனால்தான் தபாலில் சொல்கிறேன். மாசி மாதம் அண்ணிக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேசன் செய்தபோது, பார்வை நல்லபடியாகத் திரும்பினால் தலவில ஆகஸ்ட் திருவிழா முடியும் மட்டும் ஒரு சொட்டும் வாயில் வைக்கமாட்டேன் என்று புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தேன். பார்வை திரும்பியது, கொஞ்சம் கூடுதலாகவே திரும்பியது. அடுத்த மாதமே, பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்காகக் கண்டக்குழியில் ஹோட்டல் நடத்துகிற மாட்டின், தானே பியர் காய்ச்சத் தொடங்கினான். வருசம் முழுக்க ஒரே ருசியில் வருகிற கடைப் பியர் இல்லை. கஜுப்பழக் காலத்தில் கஜுப்பழ பியர், மாம்பழக் காலத்தில் மாம்பழ பியர், இப்போ விளாம்பழம். பழம் முடிந்தால் பியரும் முடிந்தது, பிறகு அடுத்த வருசம்தான். ருசி பார்த்துச் சொல்ல ஊர் ஆள் ஒருவர் வேண்டும் என்று அவன் கள்ளுத் தவறணையில் கேட்க, அத்தனை பேரும் என்னைத்தான் காட்டியிருக்கிறார்கள். கள்ளு முட்டியை மணந்தே எந்த மரம், எத்தனை மணிக்கு இறக்கினது என்று சொல்லுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும்தானே. மாட்டின் ஜக்கோடு வீடு தேடி வந்தான். நான் நெஞ்சை நிமிர்த்தி, நேர்த்தி இருக்கிறது, தொடமாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பகிடிக்கு, கடற்கரை வாடியில் மீன் அள்ளிக்கொண்டிருந்த அண்ணியின் தம்பி பஸ்தியானைக் காட்டி, அவனுக்கு நல்ல நாக்கு, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். பனங்கள்ளுக்கும் தென்னங்கள்ளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் சுவாமி அவன். ஒரே நாளில் விரட்டிக் கலைத்துவிடுவார்கள், ஊரோடு சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

கலைக்கவில்லை. இப்போ ஹோட்டல் வாசல் பலகையில் பஸ்தியானுடைய போட்டோ இருக்கிறது, கையில் கிளாசோடு. பின்னேரம் வந்து எங்கள் வேலியில் சாய்ந்துகொண்டு, "முதல்ல புளிப்பு வந்து நிக்குது அத்தான், பிறகு பின்னால மெல்லிசா ஒரு கசப்பு எட்டிப் பாக்குது" என்கிறான். மாம்பழ பியரில் வெயில் ஏற முன்னம் இறக்கினது போல ஒரு குளிர்ச்சி இருக்கிறதாம். பியரை எந்த மரத்திலிருந்தடா இறக்குகிறது என்று கேட்டேன், அவசரமாக வேலியை விட்டு நகர்ந்தான். எங்கேயோ கேட்ட கதை மாதிரியும் இருந்தது, ஆனால் எரிச்சலில் நான் யோசிக்கவில்லை. போகும்போது வெறும் போத்தலை வேலியில் வைத்துவிட்டுப் போனான். மணப்பது குடிப்பது ஆகாதுதானே என்று மூக்கை வைத்தேன், அவ்வளவு தூரத்தில் கிணற்றடியில் நின்ற உங்கள் அண்ணி கண்டுவிட்டாள். "எனக்குக் கண் தெரியவேணுமெண்டுதானே நேர்த்தி வச்சீங்க, இப்ப தெரியுது" என்றாள்.

பிறகு நண்டு கொடுக்கிற சாட்டில் ஹோட்டலுக்கே போனேன். காய்ச்சுகிற கொட்டிலில் பெரிய பீப்பாய் ஒன்று மூடி திறந்து கிடந்தது, ஒருக்கால் மணந்துவிட்டு வருவோம் என்று குனிந்தால் நுரை பொங்கி மீசையில் ஏறிவிட்டது. நக்கினால் நேர்த்தி போச்சு, நக்காவிட்டால் உயிர் போச்சு. வாயை இறுக்கிக்கொண்டு பைப்படிக்கு ஓட, கூடை கதிரையில் தட்டி, நண்டெல்லாம் வெள்ளைக்காரிகளின் காலுக்குள்ளே பரவி, அவர்கள் மேசையில் ஏறி நிற்க, கடைசியில் பஸ்தியான்தான் வந்து பொறுக்கித் தந்தான். தந்துவிட்டு, அத்தானுக்கு வயசு போகுது என்று மாட்டினிடம் சொன்னான். எனக்கும் அவனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம் சுவாமி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

விளாம்பழ பியர் இப்போ கடைசிப் பீப்பாயாம், திருவிழாவுக்கு முதல் கிழமையே முடிந்துவிடுமாம். ஆகவே என் நேர்த்தியைப் பத்து நாள் முன்னதாக அவிழ்த்துவிட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஆயரிடம் கேளுங்கள். பதிலுக்கு முழங்காலில் கோயிலைச் சுற்றுகிறேன், என் முழங்காலைப் பார்த்த டொக்டருக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய காணிக்கை என்று. எனக்கு ஒரே ஒரு கிளாசு போதும். மாட்டினுக்கும் பஸ்தியானுக்கும் முன்னால் குடித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவேண்டும், நாக்கு யாருக்கு என்று ஊருக்குத் தெரியவேண்டும். மீசையில் பட்டது பாவமா என்பதையும் மறக்காமல் எழுதவும்.

பூசையில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவன் என்பதால் ஆசீர்வாதமும், நீங்கள் குருவானவர் என்பதால் தோத்திரமும், இரண்டையும் இதே உறையில் வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்
அல்பேட்

பி.கு.: உறையை ஒட்ட முன்னம் பஸ்தியான் வந்துவிட்டான். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவனுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லையாம். இரண்டு வருசமாக மீன்குழம்பும் சுடுதண்ணியும் அவனுக்கு ஒன்றுதானாம், அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. தவறணையில் நான் கள்ளைப் பற்றிச் சொன்ன கதைகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து பியருக்குச் சொல்லி வந்திருக்கிறான், இப்போ எல்லாம் தீர்ந்துவிட்டது. அடுத்தது பனம்பழ பியர். போத்தலை நீட்டி, "குடிக்கவேணாம் அத்தான், மணந்து மட்டும் சொல்லுங்க. எனக்கு இது வெறும் தண்ணி" என்றான். கண் கலங்கியிருந்தது. மணந்தேன். அரை மணித்தியாலம் நான் சொல்லச் சொல்ல அவன் கொப்பியில் எழுதினான். குடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் வந்திராது சுவாமி. நேர்த்தி முடிந்தால் மாட்டின் என்னைத்தான் கூப்பிடுவான், இவன் திரும்பவும் வாடிக்குப் போகவேண்டும். ஆகவே மேலே எழுதினதை விட்டுவிடுங்கள். முன்னதாக அவிழ்க்க வேண்டாம், நத்தார்ப் பண்டிகை மட்டும் நேர்த்தியை நீட்ட முடியுமா என்று பார்த்து எழுதுங்கள். அந்தப் பலகைப் போட்டோவைப் பார்க்கத்தான் இன்னும் எரிகிறது, அதற்கு ஏதும் செபம் இருந்தால் அனுப்பவும்.