பொட்டலத்தக்காவும் துபாய் விமானமும்

எங்கள் தெருவிலிருந்து ஒருவர் வெறுங்கையோடு வெளியூர் போனதாகச் சரித்திரமே கிடையாது. பொட்டலத்தக்கா விட்டால்தானே! குத்தாலம் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் பொட்டலம் மடிப்பது அவர் தொழில். தெருமுனையில் பெட்டியும் கையுமாக ஒரு ஆள் தெரிந்தால் போதும், "நில்லு நில்லு! எங்க போற? எதுல போற?" என்று ஓடி வருவார். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாழைச்சருகில் எதையோ மடித்து, நாரால் கட்டிக் கையில் திணித்துவிடுவார். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போன ஒரு ஜோடிக்கு அக்காவுக்குத் தெரியாமல் ஓட முடியவில்லை. புளியோதரையோடுதான் ஓடினார்கள்.

அப்போது கழக ஆட்சி. வயலுக்கு வயல் தகராறு. கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கத்து ஆட்கள் வரப்பில் உட்காருவார்கள். நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்புக்கு இறக்குவார்கள். கடைசியில் போலீஸ் வந்து இரண்டு தரப்பையும் ஒரே வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். ஒருமுறை புறப்பட்ட வேனுக்குக் குறுக்கே அக்கா கூடையோடு நின்றுவிட்டார்.

"வழிய விடும்மா! யாருக்கு இதெல்லாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேனுக்குங்க."

"நீ எந்தக் கட்சி?"

"உள்ள இருக்கறவங்க காலையிலேர்ந்து பட்டினிங்க. பட்டினி எந்தக் கட்சியோ அதுதான். இந்தாங்க, இது உங்களுக்கு. காரம் கம்மியா வச்சிருக்கேன்."

தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை வேனில் ஒரு கோஷம் கேட்கவில்லையாம். மெல்லும் சத்தம்தானாம்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் வேலைக்குத் துபாய் போகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? தெருவிலேயே முதல் விமானப் பயணம் என்னுடையது. நானோ பிறவி பயந்தாங்கொள்ளி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட பரீட்சை பயம்தான் காரணம். அதோடு வாந்தி வேறு. திருப்பனந்தாள் வரை பஸ்ஸில் போய்வந்தாலே வீட்டில் ரசம் சாதம் கரைத்து வைத்துவிடுவார்கள். ஏஜென்ட் ஒரு குண்டையும் தூக்கிப் போட்டிருந்தான்: "இறங்கினதும் கம்பெனி டாக்டர் பார்ப்பாரு. வதங்கிப்போய் வந்தவன அடுத்த ஃபிளைட்லயே திருப்பி அனுப்பிருவாங்க." திரும்பி வந்தால் கால் வைக்க வயல் கிடையாது. எங்கள் குத்தகை நிலத்தின் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட் தடை போட்டு, ஏர் இறங்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தது.

"ஏண்டா நடுங்குற? நான் இருக்கேன்ல!" என்றார் அக்கா. அவர் கண்ணில் அப்படியொரு பளபளப்பு. பஸ், ரயில், மாட்டுவண்டி, போலீஸ் வேன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆகாயம் மட்டும்தான் பாக்கி!

அன்றிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. உளுந்து கூடாது, மேலே போனால் வயிறு ஊதும். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, நெஞ்சைக் கரிக்கும். சரி, எதுதான் கூடும்? அதைக் கண்டுபிடிக்க அக்கா என்னைத் திருவிழா ராட்டினத்தில் ஏற்றினார். நான் ஒவ்வொன்றாகச் சாப்பிட வேண்டும். ராட்டினம் சுற்ற வேண்டும். அக்கா கீழே நின்று என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இன்னும் வேகமாச் சுத்துங்க! பிளேன் இப்படியா ஊர்ந்துகிட்டுப் போகும்?"

"அந்தப் புள்ள அழுவுதும்மா!" என்றார் ராட்டினக்காரர்.

"அழட்டும். வாந்தி எடுக்குறானா, அதப் பாருங்க."

எள்ளுருண்டை முதல் சுற்றிலேயே தோற்றது. வெல்ல அவல் பாதி வழியில் கைவிட்டது. உப்பு நார்த்தங்காய் ஜெயித்தது. அதைவிடப் பெரிதாக ஜெயித்தது பொரிவிளங்காய் உருண்டை. அரிசியும் பயறும் வறுத்து அரைத்து, சுக்குத் தட்டிப்போட்டு, வெல்லப்பாகில் பிடித்தது. அக்கா பிடித்தால் அது உருண்டை இல்லை, கருங்கல். கடிக்க முடியாது, ஊற வைத்து ஊற வைத்துக் கரைக்க வேண்டும்.

"அதுதாண்டா சூட்சுமம்! வாய்க்கு வேல இருந்தா வயிறு சும்மா கெடக்கும்" என்று அக்கா குதித்தார். நான் இறங்கியதும் ராட்டினக்காரரே கை தட்டினார்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என் பையைத் திறந்தார்கள். உள்ளே கைவிட்ட இளம் அதிகாரி முதலில் ஒரு துண்டு அடுப்புக்கரியை எடுத்தார். அடுத்து ஒரு மாட்டு லாடத்தை எடுத்தார். சோறு கட்டிக்கொண்டு வழிப்பயணம் போனால் காத்து கறுப்பு அண்டாமலிருக்கக் கரித்துண்டும் இரும்பும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்ஸுக்கு ஓர் ஆணி போதும். ஆகாயத்தில் போகிறவனுக்கு ஆணி எப்படிப் போதும் என்று அக்கா யோசித்திருக்கிறார்!

"என்னய்யா இது?"

"லாடங்க."

"லாடம்னு தெரியுது. யாருக்கு?"

"உருண்டைக்குங்க."

அவர் உருண்டையைத் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்றது. மேஜை மேல் போட்டார். மேஜைதான் அதிர்ந்தது. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அங்கே ஒலிபெருக்கியில் என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு. போச்சு, டாக்டர் பார்க்கும் முன்பே திரும்பப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்களில் மூத்தவர் கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த ஊரு தம்பி?"

"குத்தாலங்க."

"எனக்குப் பட்டுக்கோட்டை. எங்க வீட்ல ஆணிதான் வைப்பாங்க. லாடம் கொஞ்சம் ஓவர்!" என்று சிரித்துவிட்டு, சக அதிகாரிகள் முன்னாலேயே ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். "லாடம் இங்க இருக்கட்டும். கரி உங்கள ஒண்ணும் பண்ணாது. ஓடுங்க, ஓடுங்க!"

ஓடினேன். விமானம் எழும்பியதும் நார்த்தங்காயை நாக்கின் அடியில் வைத்து, ஓர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கினேன். பக்கத்தில் என்னைப் போலவே முதல் பயணக்காரர்கள். தட்டில் வந்த சாப்பாட்டை மோந்து பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் ஓர் ஊருக்கே காணும். வரிசை வரிசையாகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முன்னாலும் பின்னாலும் 'கடக், கடக்'. விமானப் பணிப்பெண் பயந்துபோய் ஜன்னல்களைத் தட்டிப் பார்த்தாள். என் வாயிலிருந்தது அரபிக்கடல் தாண்டியும் கரையவில்லை. வயிறோ, இருக்கிறதா என்றே தெரியவில்லை!

கம்பெனி டாக்டர் என் கண்ணை விரித்தார், வயிற்றை அமுக்கினார், மலையாளக் கம்பவுண்டரிடம் என்னமோ சொன்னார்.

"மத்த பிளேன்ல வந்தவங்கள்ளாம் வாடிப்போயிருக்காங்க, நீ மட்டும் கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கியே, என்ன சாப்பிட்டேன்னு டாக்டர் கேக்கறார்" என்றார் கம்பவுண்டர்.

சட்டைப்பையில் மிச்சமிருந்த உருண்டையைக் காட்டினேன். டாக்டர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேலை நிச்சயம்!

"யாரு செஞ்சு குடுத்தது?" என்றார் கம்பவுண்டர்.

"அக்கா."

"கூடப் பிறந்தவங்களா?"

"ஆமாங்க" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.